கண்ணாடிக்குள் ஒரு வாய்க்கால்

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் மாஸ்டருக்கு இரண்டு கைக்கும் ஓய்வு கிடையாது. ஒன்றில் வடிகட்டி, இன்னொன்றில் குவளை. சில்லறை எண்ண நேரமும் இல்லை, கை ஈரம் காய்வதும் இல்லை. பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. யாராவது கைப்பேசியிலிருந்து பணம் அனுப்பினால், “முப்பது ரூபாய் பெறப்பட்டது” என்று அது பெண் குரலில் சொல்லும். மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே “சரிண்ணே” என்பார்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் மாமா வந்திருந்தார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒன்பது மா நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். குறுவைக்கு விதை வாங்க வந்தவரை டீக்கு அழைத்துப் போனேன். பெட்டி பேசியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“மாப்ளே, இப்படி ஒரு பொட்டி பேசும்னு முன்னாடியே எவனாச்சும் நெனச்சிருப்பானா?”

“நெனச்சிருக்காங்க மாமா. எழுதியும் வச்சிருக்காங்க. அதுல ஒருத்தர் நம்ம ஆத்தங்கரைக்காரர்.”

ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை என்று தெரிந்ததால் இன்னும் இரண்டு டீ சொன்னேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், அதாவது சுஜாதா, 1980களின் நடுவில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ என்ற தொடர்கதையை எழுதினார். கதை 2021இல் ஆரம்பிக்கிறது. மாமா அதைப் படித்ததில்லை. ஆனால் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது பார்த்திருக்கிறார்.

“ஒரு நாய்க்குட்டி பேசுமே, அதுவா?”

“அதேதான். ஜீனோ.”

ஜீனோவின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது. என்னைப் பிடித்து நிறுத்துவது, கதாநாயகி நிலா அந்த இயந்திர நாயோடு பழகும் விதம். அவள் எதையும் தட்டச்சு செய்து கேட்பதில்லை. பேசுகிறாள். அது பதில் சொல்கிறது, மறுத்துப் பேசுகிறது, புத்தகம் படிக்கிறது. கதை வந்த காலத்தில் கணினி என்றால் இருட்டுத் திரையில் பச்சை எழுத்து. ஆங்கிலத்தில் கட்டளை அடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது வசப்படும். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அந்த மாதிரி இயந்திரங்களோடு நாள் முழுக்க வேலை பார்த்த பொறியாளர். அப்படிப்பட்டவர் ஒரு சாதாரணப் பெண்ணின் கையில் இயந்திரத்தைக் கொடுக்கும்போது விசைப்பலகையை எடுத்துவிட்டு, அதற்குக் காதும் வாயும் வைத்தார். டீக்கடைப் பெட்டி அந்த ஜீனோவுக்குத் தூரத்துச் சொந்தம். அதற்குக் கேட்கத் தெரியாது, சொல்ல மட்டும் தெரியும். உள்ளே ஒரு சிம் கார்டு, ஒரு ஒலிபெருக்கி, ஒரு பேட்டரி. பணம் வந்து சேர்ந்த செய்தி சிம் வழியாக வருகிறது, பெட்டி அதைக் குரலாக்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

கதையில் நாட்டை ஆள்பவர் ஜீவா. மக்கள் கும்பிடுகிற அந்தத் தலைவர் வெறும் ஒளியால் ஆன உருவம், ஹோலோகிராம் என்று பிறகு தெரியவரும். 2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் ஒளி உருவமாக நின்று பேசியதை மாமா தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். அது எப்படி என்று கேட்டார். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், உள்ளே விளக்கு எரிய, வெளியே இருட்டத் தொடங்க, உங்கள் முகம் கண்ணாடியில் தெரியும். அது வெளியே வயல் மேல் மிதப்பது மாதிரி இருக்கும். அதே வித்தைதான். மேடையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தைச் சாய்த்துக் கட்டி, அதில் படத்தைப் பிரதிபலிக்க வைக்கிறார்கள். 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் நாடகத்தில் பேய் காட்ட இதைப் பயன்படுத்தினார். 2024 தொடக்கத்தில் அதற்கும் மேலே ஒன்று நம் கண் முன்னால் நடந்தது. டி.ஆர். பாலுவின் புத்தக வெளியீட்டு விழாவில், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய கருணாநிதி திரையில் வந்து வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்கு அவர் குரலை இதேபோல் அ.தி.மு.க. வெளியிட்டது. ஜீவாவை நாம் கதையில் படித்தபோது அது சர்வாதிகாரி செய்கிற மோசடி. நேரில் வந்தபோது கூட்டம் கைதட்டியது. தலைவர்மேல் வைத்த பிரியத்தில் ஜனங்களே இப்படி ஒன்றை ஆசையாகப் பார்ப்பார்கள் என்பது அந்தக் கதையில் இல்லை. எனக்கு ஜீவாவைவிட இதுதான் அதிகக் கவலை தருகிறது.

இன்னொன்று. அந்தக் கதையில் எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். நிலா, சிபி, ரவி, மனோ. அதற்கு மேல் அரசாங்கம் அனுமதிக்காது. மாமா இதைக் கேட்டுச் சிரித்தார், உடனே சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மகன் துபாயில் வேலை செய்கிறான். நம் ஊரில் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. இணையத்தில் விண்ணப்பம் போட்டபோது திரை ‘கடைசிப் பெயர்’ கேட்டது. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. அப்பா பெயரை எழுதினான். இப்போது துபாயில் எல்லாரும் அவனை மாமாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். “எம் பேரு பாலைவனத்துல வேலை பாக்குது மாப்ளே” என்றார். இதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு சின்னக் கட்டம் செய்தது. எங்கோ ஒரு நாட்டில் பெயர் வைக்கிற வழக்கத்தைப் பார்த்து யாரோ வரைந்த கட்டத்துக்குள் நாம் நம்மை மடித்து வைக்கிறோம்.

கதையை விடுங்கள். சுஜாதா கையால் செய்த வேலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பதினெட்டு வயது தாண்டிய அநேகமாக எல்லாருடைய விரலும் பட்ட ஒரு கருவி உண்டென்றால் அது ஓட்டு மெஷின். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதை உருவாக்கிய வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் சுஜாதா. ஹைதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் இன்னொரு பக்கம் செய்துகொண்டிருந்தது. 1982 மே மாதம் கேரளத்தின் பறவூர் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் முதன்முதலாக வைத்துப் பார்த்தார்கள். சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது, மெஷின் என்று இல்லை என 1984இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இதில்தான் ஓட்டுப் போட்டோம்.

அந்த மெஷினை ஒரு முறை மனசுக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஓட்டுப் போடுகிற பெட்டியில் திரை இல்லை. பதினாறு வரிசை. ஒவ்வொன்றிலும் காகிதத்தில் அச்சடித்த பெயர், சின்னம், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு நீலப் பொத்தான். அதிகாரி தன் பக்கத்துப் பெட்டியில் அனுமதித்தால்தான் நம் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். நீலப் பொத்தானை அழுத்தினால் விரலுக்குக் கீழே அது அமுங்குவது தெரிகிறது. பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. ‘பீ’ என்று நீளமாகச் சத்தம் வருகிறது. இரண்டாம் முறை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலை இல்லை. விரலுக்கு ஒரு பதில், கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில். படிக்கத் தெரியாதவர், கண் மங்கியவர், கை நடுங்குகிறவர், யாராக இருந்தாலும் மூன்றில் ஒன்றாவது போய்ச் சேர்ந்துவிடும். பிறகு வந்த ஒப்புகைச்சீட்டு ஜன்னலிலும் சீட்டு ஏழு நொடி நின்றுதான் விழுகிறது.

2001இல் அம்மாச்சி உயிரோடு இருந்தார். அதுவரை முத்திரை குத்திச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்ட கை. புது மெஷின் என்றதும் பயந்துபோய் மாமாவைச் சாவடி வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார். வெளியே வந்தபோது முகத்தில் பயம் இல்லை. “சத்தம் வந்துச்சுடா, உழுந்துடுச்சு” என்றாராம். மாமா இதைச் சொல்லும்போது அம்மாச்சியின் குரலிலேயே சொன்னார்.

எதிர்காலத் திரைகளைப் பற்றி எழுதிய இன்னொருவரும் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான். ஆர்தர் சி. கிளார்க் இங்கிலாந்தில் பிறந்தவர், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். இன்று உலகமெங்கும் தொலைக்காட்சிக்குப் பயன்படுகிற நிலையான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் தகவல் தொடர்புக்கு உதவும் என்று 1945லேயே எழுதியவர். 1975இல் அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கொண்டு நம் இஸ்ரோ ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆனால் கொழும்பில் கிளார்க்கின் வீட்டில் இந்தியப் பொறியாளர்கள் போய் ஒரு பெரிய தட்டு ஆன்டெனாவை நிறுத்திக் கொடுத்தார்கள். தான் எழுதியதைத் தன் வீட்டிலேயே பார்க்கக் கிடைத்தவர் அவர்.

1968இல் வந்த அவருடைய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ நாவலில் நிலாவுக்குப் போகிற ஒரு விஞ்ஞானி, ‘நியூஸ்பேட்’ என்ற தட்டையான பலகையில் செய்தித்தாள் படிப்பார். தலைப்புகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்க எண். எண்ணை அழுத்தினால் தபால்தலை அளவில் இருந்த செய்தி திரை முழுக்க விரியும். ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படத்தில் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டே இதுபோன்ற பலகையைப் பார்ப்பார்கள். ஆப்பிளோடு நடந்த டேப்லட் வழக்கில் 2011இல் சாம்சங் அந்தக் காட்சியையே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. சாப்பிடும்போது திரையைப் பார்க்கிற பழக்கம்கூட அப்படியே பலித்திருக்கிறது, அத்தைக்கும் பேரனுக்கும் தினம் நடக்கிற சண்டையே அதுதான்.

கிளார்க் எண்ணை அழுத்தச் சொன்னார். நாம் செய்தியையே தொடுகிறோம். தொடுதிரையை 1965இல் இங்கிலாந்தின் ராடார் ஆய்வகத்தில் ஈ. ஏ. ஜான்சன் வடிவமைத்தார், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்காக. சுஜாதாவும் பெங்களூருக்குப் போகுமுன் வேலை பார்த்தது விமானப் போக்குவரத்துத் துறையில்தான். 2008 பிப்ரவரி 27இல் சுஜாதா காலமானார். சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 19இல் கொழும்பில் கிளார்க். இந்தியாவில் ஐபோன் விற்பனைக்கு வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில்.

“அதெல்லாஞ் சரி. எங் கைக்கு மட்டும் ஏன் இது மசிய மாட்டேங்குது?” என்று மாமா தன் போனை மேஜைமேல் போட்டார். நாற்றங்காலில் நின்று எடுத்தால் வேலை செய்வதில்லை, காய்ந்த கையாலும் சில நேரம் நாலு தரம் தட்ட வேண்டியிருக்கிறது என்றார்.

கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள். தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் மின்னூட்டம். நம் உடம்பில் உப்பும் நீரும் இருப்பதால் மின்சாரம் கடத்தும். விரல் பக்கத்தில் வந்தால் அந்த இடத்தில் மடையைத் திறந்த மாதிரி. கொஞ்சம் மின்னூட்டம் விரல் பக்கம் இழுபடுகிறது, அங்கே மட்டம் குறைகிறது. உள்ளே இருக்கிற சில்லு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டி மாதிரி விடாமல் சுற்றி வந்து, எந்தக் குறுக்குவெட்டில் மட்டம் குறைந்தது என்று பார்த்துக்கொண்டே இருக்கும், ஒரு நொடிக்குள் எத்தனையோ தடவை. குறைந்த இடம்தான் நீங்கள் தொட்ட இடம். அழுத்தவே தேவை இல்லை.

“ஈரக் கையின்னா?”

சொட்டுத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். கண்ணாடியில் ஆறேழு சொட்டு விழுந்தால் ஆறேழு மடை ஒரே நேரத்தில் திறந்தது போலாகிவிடும். நீர்க்கட்டிக்கு யார் திறந்தது என்று புரியாது. காய்ப்புக் காய்ச்ச விரலில் கதை வேறு. மண்வெட்டி பிடித்துத் தடித்த தோல் உலர்ந்து கெட்டியாக இருக்கும். ஈரமான உயிருள்ள சதை அதற்கு உள்ளே தள்ளி இருப்பதால் கண்ணாடிக்கும் அதற்கும் தூரம் கூடுகிறது. மடை பாதிதான் திறக்கும்.

மாமா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். நகத்தின் ஓரமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் மண் கறுத்திருந்தது. கழுவினாலும் போகாத மண்.

இந்த விரல்தான் ரேஷன் கடையிலும் மாட்டிக்கொள்கிறது. எங்கள் தெருக் கடை வரிசையில் ஒருநாள் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. வாழ்நாளெல்லாம் நாற்றுப் பறித்து நட்ட கை. மெஷினில் கட்டைவிரலை வைத்தார். விழவில்லை. முந்தானையில் துடைத்து வைத்தார். விழவில்லை. தலைமுடியில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு வைத்தார். வேறு விரல், மறுபடி கட்டைவிரல். அந்த மெஷின் படிப்பது தோலில் உள்ள மேடு பள்ளத்தை, நம் வரப்பையும் பாத்தியையும் போல. வருஷக்கணக்காகச் சேற்றில் நின்ற கையில் வரப்பு கரைந்துபோய்விடுகிறது. சுண்ணாம்பு, சிமெண்ட் வேலை செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். அரிசி கிடைக்க வழி வைத்திருக்கிறார்கள், கடைசியில் கிடைக்கவும் செய்தது. ஆனால் அந்த அம்மா பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்து, தப்பு தன்னுடையது போல, “கை தேஞ்சு போச்சுய்யா” என்றார். நெல்லை நட்ட கை, அரிசி வாங்க வந்த இடத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு அந்த வார்த்தை இன்றுவரை ஆறவில்லை. கைரேகையைக் கதவுக்குச் சாவியாக்குவது எத்தனையோ படங்களில், கதைகளில் வந்திருக்கிறது. அந்தப் படங்களில் வருகிற விரல் எல்லாம் சேறு படாத விரல்.

அதனால்தான் டெல்டாவில் எனக்குத் தெரிந்த மூத்தவர்கள் பலர் திரையைத் தடவுவதை விட்டுவிட்டு மைக் படத்தைத் தொட்டுப் பேசுகிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்து கிடையாது, குரல்தான். “உரம் வந்துடுச்சு, வண்டியோட வா” என்று அரை நிமிடம் பேசி அனுப்பிவிட்டு வரப்பில் நடக்கிறார்கள். நிலாவுக்குச் சுஜாதா கொடுத்த வழி, நாற்பது வருஷம் கழித்து வயல் வரப்புக்கு வந்திருக்கிறது. அதிலும் ஒரு குறை இருக்கிறது என்று மாமா காட்டினார். மைக்கைத் தொட்டு, தான் வழக்கமாகச் சொல்கிற மாதிரி “குறுவ” என்றார். திரையில் வரிசையாகக் குரு பெயர்ச்சி பலன்கள் வந்து நின்றன.

நம் குரலைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, இதற்கு முன் கேட்டுப் பழகிய குரல்களோடு ஒப்பிட்டு, எது இருக்க வாய்ப்பு அதிகம் என்று இயந்திரம் முடிவு செய்கிறது. பேச்சில் ரகரமும் றகரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கடைசியில் வருகிற ஐகாரமும் தேய்ந்துவிடுகிறது. ஆலங்குடிக் குருவைப் பற்றித் தமிழ்நாடே பேசுகிறது, தேடுகிறது. குறுவையைப் பற்றிப் பேசுவது இந்த நாலு மாவட்டம். இயந்திரத்தின் காதில் விழுந்தது அதிகமாக எதுவோ அதன் பக்கம் அது சாய்கிறது. ஒரு வார்த்தை தனியாகப் போனால் அதற்குத் துணை இல்லை, நாலு வார்த்தையோடு சேர்த்து அனுப்புங்கள், பக்கத்து வார்த்தையை வைத்துக் கண்டுபிடிக்கும் என்றேன்.

மாமா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிறுத்திச் சொன்னார்: “ஆடுதுறை நாப்பத்தஞ்சு குறுவை நெல் நாத்தங்கால்.” இந்தத் தடவை நெல் வந்தது. பச்சை நாற்றங்கால் படங்கள் வரிசையாக வந்தன. “இப்ப வந்துட்டான் பாரு வழிக்கு” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஜூன் மாதம் எல்லாரும் பார்க்கிற திரை ஒன்று உண்டு. எந்த அறிவியல் கதையிலும் நான் அதைக் கண்டதில்லை. மேட்டூர் நீர்மட்டம். ஜூன் 12இல் திறப்பு என்பது வழக்கம். திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வரும். முழு மட்டம் 120 அடி, அதில் இன்று எவ்வளவு என்பதை வைத்துத்தான் விதை விடுவதா பொறுப்பதா என்று முடிவு. முன்பு திருச்சி வானொலியில் சொல்லும்வரை காத்திருப்பார்கள். இப்போது விடிந்ததும் போனை எடுத்துப் பார்க்கிறார்கள்.

மாமா நெல்லை மூடிவிட்டு அதைத்தான் கேட்டார். “மேட்டூர் அணை நீர்மட்டம் இன்னிக்கி.” இதில் அந்தக் கருவிக்குச் சந்தேகமே வரவில்லை. எண் வந்தது. பாய்லர் பக்கமிருந்து மாஸ்டர், “ஐயா, எவ்வளவு நிக்கிது?” என்றார். அவருக்கும் பூதலூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மாமா திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். மாஸ்டரின் ஒரு கையில் வடிகட்டி, ஒரு கையில் குவளை, மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. மாமா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அடியையும் நீர்வரத்தையும் சத்தமாக வாசித்தார்.